அடுக்கடுக்காகக் கட்டிய நுண்ணுறை உயிரணு ஆகுமா?

கேரள எல்லையோரப் பாறசாலையிலிருந்து எழுதியிருக்கும் மருந்தியல் மாணவி கேட்டிருப்பது ஒரே கேள்விபோலத் தோன்றினாலும், அதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மின்னேற்றம் கொண்ட பாலிமர்களை அடுக்கடுக்காகப் பூசிச் செய்யும் மைக்ரோகேப்சூல்களை, அதாவது நுண்ணுறைகளை, வகுப்பில் 'செயற்கை செல்' என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அந்தப் பெயர் தகுமா என்பது முதல் கேள்வி. இறுதியாண்டுத் திட்டப்பணியாகக் கல்லூரி ஆய்வகத்திலேயே அதைச் செய்து பார்க்க முடியுமா என்பது இரண்டாவது. தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் அப்பாவுக்கு இதனால் என்றைக்காவது பயன் உண்டா என்பது மூன்றாவது. அதைக் கடைசி வரியில், சற்றுக் கூச்சத்தோடு, போகிற போக்கில் கேட்பதுபோல எழுதியிருக்கிறார். உண்மையில் கேட்க நினைத்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அங்கே போக வழியில்லை. பள்ளியில் மலையாளத்தில் படித்தாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்பதால் தமிழிலேயே விளக்கம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் வேலை பார்த்த எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலில் சொல்லிவிடுவது முறை. களியக்காவிளைக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஓர் ஊரில் பிறந்தவன் நான். பாலிமர் வேதியியல் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில், இரத்தத்தைத் தொடும் மருத்துவப் பொருள்களின் மேற்பரப்பைப் பற்றிய வேலையில் இருந்தேன். அதில் ஏழு ஆண்டுகள் இந்த நுண்ணுறைகளோடேயே கழிந்தன. உறையைக் கட்டுவதும் அதை அளப்பதும் எனக்குக் கைவந்த வேலை. எலியின் உடலுக்குள் போனபின் அது என்ன ஆகிறது என்பதை உடன் வேலை செய்தவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்கு எதைக் கொடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. அது உங்கள் அப்பாவைப் பார்க்கும் மருத்துவரின் இடம்.

'செயற்கை செல்' என்ற பெயரை இத்துறையில் நிலைக்கச் செய்தவர் தாமஸ் சாங். 1957-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோதே, விடுதி அறையையே ஆய்வகமாக்கி, கொலோடியன் என்ற செல்லுலோஸ் நைட்ரேட் மென்படலத்துக்குள் ஹீமோகுளோபினை அடைத்து முதல் உறைகளைச் செய்தார். 1964-ல் அந்த வேலை சயன்ஸ் இதழில் வந்தது. அவருடைய எண்ணம் பெயரைவிட அடக்கமானது: உயிரணுவின் ஆயிரம் வேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கான நொதியை உள்ளே வைத்து, சிறு மூலக்கூறுகள் வந்துபோகவும் நொதி வெளியேறாமலும் எதிர்ப்பொருள் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்ளும் ஒரு சவ்வைச் சுற்றிக் கட்டுவது. 1968-ல், பிறவியிலேயே கேட்டலேஸ் நொதி குறைந்த எலிகளுக்கு அந்த நொதியை உறைக்குள் அடைத்துக் கொடுத்து, அது உள்ளிருந்தபடியே வேலை செய்வதை அவரும் போஸ்னான்ஸ்கியும் காட்டினார்கள். ஆனால் அவருடைய கருத்து நோயாளிகளிடம் போய்ச் சேர்ந்தது வேறொரு வழியில். நஞ்சுண்டவரின் இரத்தத்தைக் கிளர்வூட்டிய கரித்துகள்கள் நிறைந்த குப்பிக்குள் ஓடவிட்டால் கரி நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்திருந்தது. வெறும் கரி தட்டணுக்களைச் சிதைத்தது, அதன் பொடி இரத்தத்தோடு போய்க் குழாய்களை அடைத்தது என்பதுதான் சிக்கல். கரித்துகள் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உறை போட்டார் சாங். உடலுக்குள் நுழையாமல், எதையும் வெளிவிடாமல், குப்பிக்குள்ளேயே நின்று நஞ்சை மட்டும் வாங்கிக்கொண்ட அந்தக் கரிதான் மருத்துவமனைக்குள் காலூன்றிய முதல் செயற்கை செல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுக்குகளின் கதை தனியாகத் தொடங்கியது. எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கூழ்மத் துகள்களை மாற்றி மாற்றிப் படியவைக்கலாம் என்று 1966-லேயே டுபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஐலர் எழுதியிருந்தார். அதை அப்போது பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1991-ல் ஜெர்மனியில் கேரோ டெஷர், நேர்மின் பாலிமர் கரைசலிலும் எதிர்மின் பாலிமர் கரைசலிலும் ஒரு தகட்டை மாறி மாறி முக்கி எடுத்தால், ஒவ்வொரு முக்கலுக்கும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு படலம் ஏறுகிறது என்று காட்டினார். படியும் பாலிமர் தேவைக்குச் சற்று அதிகமாகவே ஒட்டிக்கொள்வதால் மேற்பரப்பின் மின்னேற்றம் ஒவ்வொரு முறையும் தலைகீழாகிறது. அதனால் அடுத்த பாலிமருக்கு இடம் தயாராகிவிடுகிறது, அதே பாலிமர் மேலும் ஏறுவதும் தானாகவே நின்றுவிடுகிறது. இந்த முறையின் அழகு முழுவதும் அந்தத் 'தானாக நிற்பதில்' இருக்கிறது. 1998-ல் ஹெல்முத் மோவால்ட் இருந்த மாக்ஸ் பிளாங்க் கூழ்ம ஆய்வு நிறுவனத்தில் டோனாத், சுகோருகோவ், கருசோ முதலியோர் தகட்டுக்குப் பதில் நுண்ணிய உருண்டைகளின்மேல் அடுக்குகளை ஏற்றி, பிறகு உள்ளிருந்த உருண்டையைக் கரைத்து வெளியேற்றி, உள்ளீடற்ற உறையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். நீங்கள் வகுப்பில் படித்தது இந்த வழியில் வந்ததுதான்.

இதைக் கையால் செய்வது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கால்சியம் குளோரைடு கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் சம அளவில் சேர்த்து அரை நிமிடம் வேகமாகக் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா வைத்தால், குவளையின் அடியில் வெள்ளைப் பொடி படியும். நுண்ணோக்கியில் அது சுமார் நான்கு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாகத் தெரியும். வேட்டரைட் என்ற வடிவில் இருக்கும் கால்சியம் கார்பனேட் அது, பஞ்சுபோலத் துளைகள் நிறைந்தது. இந்தத் துளைகளுக்குள் புரதத்தை ஏற்றிக்கொள்ளலாம். பிறகு நேர்மின்னேற்றமுள்ள பாலிஅல்லைலமைன் கரைசலில் கால் மணி நேரம். மையவிலக்கியில் சுழற்றி அடியில் படியவைத்து மேல்நீரைக் கொட்டிவிட்டு மூன்று முறை கழுவல். அடுத்து எதிர்மின்னேற்றமுள்ள பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட், மறுபடியும் மூன்று கழுவல். எட்டு அடுக்கு ஏற்ற ஒரு முழுப் பகல் போய்விடும். முடிவில் இ.டி.டி.ஏ. கரைசலை ஊற்றினால் அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டுவிடும். பால்போல வெண்மையாக இருந்த கலவை உங்கள் கண்ணெதிரே தெளிந்து, கண்ணாடிக் குழாயை விளக்குக்கு நேரே பிடித்தால்தான் தெரியும் ஒரு மெல்லிய மங்கலாக மாறும். அந்த மங்கல்தான் உறைகள். அடியில் படியவைத்தால் ஒரு மில்லிலிட்டரில் சுமார் இரண்டாயிரம் கோடி இருக்கும். ஒவ்வொன்றின் சுவரும் இருபது நானோமீட்டர் அளவில்தான்.

புத்தகங்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்லாதது கழுவலைப் பற்றி. முதல் மாதத்தில் நான் செய்த உறைகள் எல்லாம் நான்காவது அடுக்கிலேயே திரிந்து, குழாயின் அடியில் தயிர்க்கட்டிபோல ஒட்டிக்கொண்டன. பாலிமர் கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக வாங்கிவைத்தேன், மறுபடியும் அதேதான். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பால்வெட்டு முடிந்து சிரட்டைகளிலிருந்து சேகரித்த ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி அப்பா ஃபார்மிக் அமிலம் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த காட்சி அது. ரப்பர் பாலில் மிதக்கும் ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த ஓர் உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் எதிர்மின்னேற்றம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்திருக்கும்வரைதான் பால் பாலாக இருக்கும். அமிலம் அந்த மின்னேற்றத்தைப் போக்கியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஷீட்டாகின்றன. அதையே, வேண்டாத இடத்தில், நான் செய்துகொண்டிருந்தேன். அவசரத்தில் மூன்று கழுவலை இரண்டாக்கியதால் முந்தைய பாலிமர் மேல்நீரில் மிச்சமிருந்தது. அடுத்த பாலிமர் உறையின்மேல் படிவதற்கு முன் அந்த மிச்சத்தோடு சேர்ந்து பிசினாகி, உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்தது. மூன்றாவது கழுவலைத் திரும்பச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஒரு மாத வேலை ஒரு கழுவலில் போயிருந்தது. வீட்டில் ஒட்டுப்பால் பொறுக்கி வளர்ந்தவனுக்கு இது தோன்ற ஒரு மாதம் ஆனதுதான் வெட்கம்.

இனி அந்தச் சுவர் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு வருகிறேன். இதில் உறுதியாகத் தெரிந்தவை நிறைய. பாலிஅல்லைலமைன், பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் உறைகள் பிஎச் 6-க்குக் கீழே பெரிய மூலக்கூறுகளுக்கும் திறந்து, 8-க்கு மேலே மூடிக்கொள்ளும். எனவே புளித்த நீரில் சரக்கை உள்ளே ஏற்றிவிட்டுக் காரமாக்கிக் கதவைச் சாத்தலாம். சுவரில் தங்க நானோதுகள்களைப் பதித்தால் அகச்சிவப்பு ஒளியில் அவை சூடேறிச் சுவரைத் திறக்கும். இரும்பு ஆக்சைடைப் பதித்தால் காந்தத்தால் நகர்த்தலாம். டைசல்ஃபைடு என்ற கந்தகப் பிணைப்புகளால் சுவரைத் தைத்தால், அவற்றை அவிழ்க்கும் குளுட்டதயோன் மிகக் குறைவாக இருக்கும் இரத்தத்தில் அது நிற்கும், பல நூறு மடங்கு அதிகமாக இருக்கும் உயிரணுவின் உட்புறத்தில் அவிழும். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டையும் பாலிஆர்ஜினினையும் வைத்துக் கட்டினால், உயிரணுவுக்குள் உள்ள நொதிகளே சுவரைத் தின்று தீர்க்கும் என்று பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் டி கீஸ்ட் குழு 2006-ல் காட்டியது. இவை எல்லாம் ஆய்வகக் குழாயில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து நிலைநாட்டப்பட்டவை.

இதே சுவரின் பெரிய குறையும் அதே அளவுக்கு உறுதியானது, ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பத்தியில் அது வருவதில்லை. நாம் மாத்திரையாக விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை மூலக்கூறு எடையின் அலகான டால்டனில் சில நூறு எடையுள்ள சிறு மூலக்கூறுகள். இருபது நானோமீட்டர் தடிமனுள்ள, நீரில் ஊறிய பாலிமர் வலை அவற்றுக்குச் சல்லடை. சில நிமிடங்களில் வெளியேறிவிடும். பெரிய புரதத்தை வைத்திருக்கத் தெரிந்த உறைக்குப் பாரசிட்டமாலை வைத்திருக்கத் தெரியாது. சிறு மருந்தைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் அதைப் படிகமாக்கி அதன்மேலேயே அடுக்கு ஏற்ற வேண்டும், அல்லது உள்ளே எண்ணெயையோ லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியையோ வைத்து அதில் மருந்தைக் கரைக்க வேண்டும். பிரிகிட் ஸ்டாட்லரும் ஃபிராங்க் கருசோவும் 2009-இல் அறிமுகப்படுத்திய கேப்சோசோம்கள் இந்த வகை: ஒரு பெரிய உறைக்குள் பல சிறு லிப்போசோம்கள், ஒவ்வொன்றும் தனி அறை. உயிரணுவுக்குள் அறைகள் இருப்பதுபோல இதிலும் அறைகள் இருக்கின்றன என்பதால், செயற்கை செல் என்ற பெயருக்கு அடுக்குறைகளில் ஓரளவு பக்கத்தில் வருவது இதுதான் என்பேன்.

உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு கலைகிற இடம். நம் நுண்குழாய்களின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் அகலமிருந்தும் அதில் போய்வருகிறது. மண்ணீரலில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறுகிய பிளவுகள் வழியாகவும் தன்னை மடித்துக்கொண்டு நுழைந்து வெளிவருகிறது. இப்படி 120 நாள் ஓடுகிறது. நம் உறை அதன் பாதி அளவுதான். ஆனால் சுவர் பல மடங்கு விறைப்பானது, மடியத் தெரியாது. கை நரம்பில் ஏற்றிய எதுவும் இதயத்தின் வலப்புறம் வழியாக முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். பெரியவையும் ஒன்றோடொன்று ஒட்டியவையும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இது கற்பனையான அச்சம் என்று நினைக்க வேண்டாம். நுரையீரலின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்க 10 முதல் 90 மைக்ரோமீட்டர் அளவுள்ள அல்புமின் துகள்களில் கதிரியக்க டெக்னீசியத்தை ஏற்றி ஊசி போடுகிறார்கள்; அவை அங்கே சிக்கிக்கொள்ளும் என்பதை நம்பித்தான் அந்தச் சோதனையே நடக்கிறது. நுரையீரலைத் தாண்டியவற்றைக் கல்லீரலின் குப்ஃபர் அணுக்களும் மண்ணீரலின் விழுங்கணுக்களும் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, இரத்தத்தில் விழுந்த கணத்திலேயே புரதங்கள் உறையின்மேல் ஒட்டி, நாம் பார்த்துப் பார்த்து வைத்த கடைசி அடுக்கை மூடிவிடும். உடல் பார்ப்பது நம்முடைய எட்டாவது அடுக்கை அல்ல, தானே பூசிய ஒன்பதாவதைத்தான். நேர்மின் பாலிமர்கள் பல, உயிரணுச் சவ்வைத் துளைத்து நஞ்சாகும் என்பதும் இதோடு சேரும்.

ஆகவே, இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருந்து வேண்டிய இடத்தில் திறக்கும் 'செயற்கைச் சிவப்பணு' என்ற படம் இந்த மைக்ரோ உறைகளுக்குப் பொருந்தாது என்பது என் தீர்ப்பு. இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். உறையை மென்மையாக்கலாம், மேலே பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பாலிமரைப் பூசலாம், சிவப்பணுவின் சவ்வையே எடுத்துப் போர்த்தலாம் என்பார்கள். ஒவ்வொன்றும் எலியில் சில மணி நேரத்தைக் கூட்டித் தந்திருக்கிறது. நூற்றிருபது நாள் எங்கே, சில மணி எங்கே. அளவைக் குறைத்து நூறு நானோமீட்டருக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. எம்.ஐ.டி.யில் பவுலா ஹாமண்ட் குழு லிப்போசோமின்மேல் சில அடுக்குகளை மட்டும் ஏற்றிச் சினைப்பைப் புற்றுநோய்க்காகச் செய்துவரும் வேலை அந்த வழியில் போகிறது. அங்கே அடுக்கு என்பது சுமக்கும் பை இல்லை, சுமக்கும் பைக்குப் போட்ட சட்டை.

விழுங்கணுக்கள் தின்றுவிடும் என்பது நரம்பு வழி மருந்துக்குக் குறை. தடுப்பூசிக்கு அதுவே வரம். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புரதத்தை உறைக்குள் வைத்துத் தோலுக்கடியில் போட்டால், நுண்கிருமியின் அளவிலேயே இருக்கும் அந்த உறையை எதிர்ப்பாற்றலின் காவலர்களான டென்ட்ரிடிக் அணுக்கள் விரும்பி விழுங்கி, சுவரைச் செரித்து, உள்ளிருக்கும் புரதத்தைத் துண்டாக்கி டி அணுக்களுக்குக் காட்டுகின்றன. டி கீஸ்டும் உடனிருந்தவர்களும் எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இந்த நுண்ணுறைகள் மனித மருத்துவத்துக்குள் நுழைவதானால் இந்த வாசல் வழியாகத்தான் நுழையும் என்று பந்தயம் கட்டுவேன். சாங்கின் கரித்துகள்போல, உடலின் இயல்போடு மல்லுக்கு நிற்காமல் அதனோடு போகிற வேலை இது. ஆனால் போட்டியும் இருக்கிறது. கோவிட் காலத்தில் நாம் பார்த்த எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் கொழுப்பு நானோதுகள்கள், இரண்டு திரவங்கள் ஒரு குழாய்ச் சந்தியில் கலக்கும் ஒரே நொடியில் தாமாகவே உருவாகின்றன. எட்டு முறை முக்கி இருபத்து நான்கு முறை கழுவும் ஒன்று, தொழிற்சாலையில் அதோடு எப்படிப் போட்டியிடும்? சுற்றிச் செல்லும் குழாயிலேயே அடுக்கை ஏற்றும் வழிகளைத் தேடுகிறார்கள். அது கைகூடாதவரை இந்த முறை ஆய்வகத்தைவிட்டு வெளியே வருவது கடினம். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைடு மாதாந்திர ஊசி 1989-லும் லிப்போசோமில் அடைத்த புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசின் 1995-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் துகளுக்குள் அடைத்த மருந்துதான், ஆனால் இரண்டிலும் இந்த அடுக்கு முறை இல்லை.

அப்படியானால் 'செயற்கை செல்' என்று சொல்லலாமா? சாங் சொன்ன பொருளில் சொல்லலாம். ஒரு வேலை, ஒரு சவ்வு, அவ்வளவுதான். உணவை எரித்து ஆற்றல் எடுப்பது, சுவரில் விழுந்த ஓட்டையைத் தானே அடைப்பது, இரண்டாகப் பிரிவது இவற்றில் ஒன்றும் அடுக்குறைக்குக் கிடையாது. இதே பெயரை இன்னொரு கூட்டமும் பயன்படுத்துகிறது: கொழுப்புக் குமிழிக்குள் மரபணுவையும் புரதம் கட்டும் இயந்திரத்தையும் வைத்து, உயிர் என்றால் என்ன என்று அடியிலிருந்து கட்டிப் பார்ப்பவர்கள். அவர்கள் தேடுவது வேறு. உங்கள் ஆசிரியர் எந்தப் பொருளில் சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வில் எழுதும்போது அதுவே போதுமான வேறுபாடு.

அப்பாவின் ஊசிக்கு வருகிறேன். இன்சுலின் மூலக்கூறின் எடை சுமார் 5,800 டால்டன். புரதங்களில் இது சிறியது. மேலே சொன்ன சல்லடைச் சுவரில் நிற்கும் மூலக்கூறுகளுக்கும் ஓடும் மூலக்கூறுகளுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. சர்க்கரை ஏறும்போது மட்டும் திறக்கும் சுவரைப் போரானிக் அமிலத்தையும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியையும் வைத்துக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். குழாயில் அது வேலை செய்கிறது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சாப்பிட்ட அரை மணிக்குள் திறந்து, சர்க்கரை இறங்கியதும் அதே வேகத்தில் மூட வேண்டும். மூடத் தாமதித்தால் தாழ்சர்க்கரை, அது உயிருக்கே ஆபத்து. இன்னொரு வழி, இன்சுலினை அடைக்காமல் அதைச் சுரக்கும் கணையத் திட்டுகளையே அடைப்பது. டெஷருக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1980-ல், லிம்மும் சன்னும் ஆல்ஜினேட், பாலிலைசின், பாலிஎத்திலீன்இமின் என்று மூன்று அடுக்கில் திட்டுகளை மூடி எலிகளுக்கு வைத்தார்கள். இரண்டு மூன்று வாரம் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம் பக்கம் கடலில் இறங்கிப் பாசி சேர்க்கிறவர்களுக்கு அது தெரிந்த சரக்கு. அன்றிலிருந்து நாற்பது ஆண்டுகளாக இந்த வழியை மறித்து நிற்பவை இரண்டு. உடல் உறையைச் சுற்றி நார்த்திசுவைக் கட்டி மூடுகிறது. அப்படி மூடியதும், ஏற்கெனவே நூற்றைம்பது, இருநூறு மைக்ரோமீட்டருக்கு அப்பால் எட்டாத ஆக்சிஜன் இன்னும் குறைந்து, உள்ளிருக்கும் திட்டுகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. குரங்குகளிலும் சில மனிதர்களிலும் முயன்றிருக்கிறார்கள். அன்றாட மருத்துவமாக அது இன்னும் நிலைக்கவில்லை. மேலும் திட்டு மாற்றம் என்பது பெரும்பாலும் முதல் வகை நீரிழிவுக்கான முயற்சி. அப்பாவுக்கு இருப்பது இரண்டாம் வகையானால் கணக்கே வேறு. இன்று அவர் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு மாற்றாக அடுக்குறை எதுவும் கடையில் கிடையாது. 'செயற்கை செல் சிகிச்சை' என்று யாராவது விளம்பரம் செய்து பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஊசியை நிறுத்தவோ குறைக்கவோ செய்யாமல், அதே நேரத்துக்குத் தொடரட்டும்.

உங்கள் திட்டப்பணி சாத்தியம்தான். சிறு மையவிலக்கி, நல்ல ஒளி நுண்ணோக்கி, நிறமாலைமானி மூன்றும் கல்லூரியில் இருந்தால் போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கைட்டோசானில் தொடங்கிவிடாதீர்கள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் அந்தச் சரக்கு அமிலத்தில்தான் கரையும், அமிலம் உங்கள் கார்பனேட் உருண்டையையே கரைத்துவிடும், அடுக்கேற்ற உருண்டை இல்லாமல் நிற்பீர்கள். மேலே சொன்ன இரண்டு பாலிமர்களே தொடக்கத்துக்கு நல்லவை. உருண்டைகளைச் செய்த அன்றே அடுக்கேற்றத் தொடங்கிவிடுங்கள். ஒருமுறை இரவு முழுக்க நீரில் விட்டுவிட்டு மறுநாள் பார்த்தபோது உருண்டைகள் எல்லாம் மூலை மூலையான கால்சைட் படிகங்களாகியிருந்தன, துளைகளோடு உள்ளே ஏற்றிய புரதமும் போயிருந்தது. உள்ளே வைக்க ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். சாங் முதலில் வைத்ததும் அதுதான் என்பது ஒரு பக்கம். அதன் சிவப்பு, 405 நானோமீட்டர் பக்கத்தில், பாலிமர்களின் குறுக்கீடு இல்லாமல் அளக்கக் கூடியது என்பது முக்கியமான பக்கம். கேள்வியையும் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு அடுக்குக்கும் எட்டு அடுக்குக்கும் இடையே, ஒரு நாளில் வெளியேறும் ஹீமோகுளோபினின் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது மட்டும். ஒவ்வொரு கழுவலின் மேல்நீரையும் கொட்டாமல் தனித்தனிக் குப்பியில் எடுத்துவைத்து அளந்துகொள்ளுங்கள். கழுவலில் போனதையும் உறைக்குள் நின்றதையும் கூட்டினால் முதலில் போட்ட அளவு வர வேண்டும். வரவில்லை என்றால் மிச்சம் குழாயின் சுவரில் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதையும் கழுவி அளந்துவிட்டு எழுதுங்கள்.